இரண்டாம் நாள் கோப்பை

எங்கள் பிரிவில் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டதல்ல. வேலைக்குச் சேரும் நாளில் யாரும் சொல்லித் தருவதும் இல்லை. மின்தூக்கிக்குள் ஏறியவர்கள் கதவைப் பார்த்தபடி நின்றுகொள்வதைப் போல, வந்த இரண்டு மூன்று நாட்களில் எல்லோருக்கும் அது தானாகப் படிந்துவிடும். தலைமை மருத்துவர் கேட்கமாட்டார். செவிலியர் கேட்கமாட்டார். தட்டுகளைக் கழுவ எடுத்துச் செல்பவர்கூட முகர்ந்து பார்க்கமாட்டார். நோயாளிகளிடம் மட்டும், ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கும்போது, சிரித்துக்கொண்டே சொல்லிவைப்போம்: "மத்ததெல்லாம் கேளுங்க. கோப்பைல என்னன்னு மட்டும் கேட்காதீங்க."

நடந்ததை என் சொற்களிலேயே சொல்லச் சொன்னீர்கள். உங்கள் விசாரணைக் குழுவில் மூவரில் ஒருவர்தான் மருத்துவர் என்று தெரிகிறது. ஆகவே மற்ற இருவருக்காக எங்கள் வேலையைச் சற்று விளக்கிவிட்டுத் தொடங்குகிறேன். விளக்காமல் சொன்னால், நான் செய்தது உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தோன்றக்கூடும்.

நாங்கள் ஒவ்வாமைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வேர்க்கடலை தனக்கு ஆகாது என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கையில் ஒரு சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கிறோம், தடிப்பு எழுகிறது. இரத்தத்தைப் பரிசோதிக்கிறோம், எண் கூடுதலாக வருகிறது. இரண்டும் சந்தேகத்தைச் சொல்லுமே தவிரத் தீர்ப்பைச் சொல்லா. கை தடித்தவர்களில் பலர் கடலையைத் தின்றுவிட்டுச் சுகமாக நடமாடுகிறவர்கள். எனவே கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சுகிறது. அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, உயிர்காக்கும் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, கடலையைக் கொடுத்தே பார்ப்பது. பயம் மட்டுமே சிலருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவந்துவிடும் என்பதால் மறைத்துக் கொடுக்கிறோம். இரண்டு நாள், இரண்டு கோப்பை கோகோக் கூழ். ஒன்றில் கடலை மாவு இருக்கும், மற்றதில் இருக்காது. எந்த நாள் எது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊட்டுகிற செவிலியருக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவருக்கும் தெரியாது. கணினி குலுக்கிப் போட்ட சீட்டு, ஒட்டிய உறையில் கலவை அறைக்கு வரும். அந்த உறையைப் பிரிப்பவள் நான் ஒருத்தி. அதே சீட்டின் இன்னொரு பிரதி, இரண்டு நாளும் முடிந்த பிறகு மருத்துவர் பிரிக்கும் உறையில் இருக்கும்.

என்னைக் 'கலவை' என்றே அழைப்பார்கள். "கலவை வந்தாச்சா?" என்பார்கள். "கலவை சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அஃறிணையில் வாழ்ந்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை, வேலையின் அமைப்பு அப்படி. மறைப்பவள் தானும் மறைந்திருக்க வேண்டும்.

வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. வறுத்த கடலையின் வாசம் பிடிவாதமானது, சர்க்கரைக்கு அடங்காது. கசப்புக் கோகோ, ஒரு சொட்டு புதினா எண்ணெய், வெறும் கூழில் கடலையின் நொறுநொறுப்புக்கு ஈடாக வறுத்து இடித்த ஓட்ஸ் என்று நானே வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த கலவை அது. ஒருமுறை தலைமை மருத்துவர் இரண்டு கோப்பையிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, "கில்லாடிதான்" என்றார். கூழைப் பார்த்துச் சொன்னார்.

பூட்டுக்கடைக்காரரின் சம்பவத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் கோப்பில் பாதிதான் இருக்கிறது.

அவர் ஐம்பது வயதைத் தொட்டவர்; நகைச்சுவையாகப் பேசுகிறவர். "எத்தனை பூட்டைத் திறந்திருக்கேன், என் தொண்டை அடைச்சா எனக்கே திறக்கத் தெரியாது" என்று சொல்லிச் செவிலியரைச் சிரிக்கவைத்தவர். கூழை ஏழு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் முந்தையதைப் போல் இரு மடங்கு கடலை என்ற கணக்கில், அரை மணி நேர இடைவெளிவிட்டுக் கொடுக்க வேண்டும். அன்று தலைமை மருத்துவருக்குப் பிற்பகலில் வேறொரு கூட்டம். நான்காவது பங்கு முடிந்து பத்து நிமிடத்தில், "ஒண்ணும் ஆகலையே, அடுத்ததைக் கொடுங்க" என்றார். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கொடுத்தார். ஐந்தாவது பங்கு வயிற்றுக்குள் போனபோது நான்காவது பங்கே இன்னும் தன் வேலையை முடித்திருக்கவில்லை. அவர் சுவரின் நிறத்துக்கு மாறினார். இரண்டு ஊசி போட்டும் எழவில்லை. தீவிர சிகிச்சையில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் பிழைத்தார்.

தாழ்வாரத்தில் அவருடைய மனைவி தலைமை மருத்துவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசிட்டிருந்தாரே டாக்டர், என்னாச்சு?" என்று கேட்டார். தலைமை மருத்துவர் என்னைப் பார்க்காமலே, "கலவைல கொஞ்சம் கை தவறியிருக்கும்மா. இனி பயமில்லை" என்றார்.

ஒவ்வொரு பங்கின் எடையையும் அச்சிட்டுத் தந்த தராசுச் சீட்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு பங்குகூட மில்லிகிராம் பிசகவில்லை. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் கலவை அறைக்கு வெளியே கோப்பையைப் பற்றிப் பேசக்கூடாது. அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பி, எவ்வளவு போட்டாய் என்று கேட்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு விவரிப்பதில் பயனில்லை. என் பணிக்குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் ஏறியது. நீக்கித் தரச் சொல்லி நிர்வாக அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். "அது சும்மா ஒரு சொல்லுதானே, அதனால உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார்கள்.

அதன் பின் வந்த முதல் சோதனை, விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. கலவை அறைக்கும் வார்டுக்கும் நடுவே, தட்டை நகர்த்தக் கையகல ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தேன். அவள் கால்கள் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அது இரண்டாம் நாள், சீட்டின்படி கடலை நாள். டப்பாவின் மூடியைத் திறந்தேன். மறுபடி மூடினேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் அதில் ஒரு நாடகமும் இல்லை. ஓட்ஸைப் போட்டேன், தட்டை நகர்த்தினேன். ஏழு பங்கையும் சாப்பிட்டு முடித்தாள், உதடுகூடத் தடிக்கவில்லை. உறை பிரிக்கப்பட்டதும், "உனக்கு அலர்ஜி இல்லைம்மா, போ, எதை வேணும்னாலும் சாப்பிடு" என்று தலைமை மருத்துவர் சொல்ல, அவள் அழுதுவிட்டாள். என் கணவர் ஓய்வுபெற்ற மின்தூக்கிப் பழுதுபார்ப்பவர். பூட்டுக்கடைக்காரர் விழுந்த நாளிலிருந்து, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று கேட்பார். அன்று முகம் மலர்ந்து "யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

எல்லோருக்கும் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அது நேர்மையாகாது. கலவைக்கு வேறு பொருள் எதுவும் ஆகாதா என்று அறிவதற்காக நோயாளியின் கோப்பு முன்னதாகவே என்னிடம் வரும். தடிப்பு சிறிதாக இருந்தவர்கள், பழைய சம்பவம் வெறும் அரிப்போடு நின்றவர்கள், இவர்களுக்குச் சீட்டில் உள்ளபடியே கடலை போட்டேன். அவர்களுடைய முடிவுகள் அத்தனையும் உண்மையானவை. அவற்றின் மேல் நீங்கள் கைவைக்கத் தேவையில்லை. முன்பு மூச்சு நின்றவர்கள், இரத்தத்தில் எண் எக்கச்சக்கமாக ஏறியவர்கள், மூலையில் சிவப்புப் பட்டை ஒட்டிய கோப்புகள், புதன்கிழமைக் கூட்டத்தில் 'கடினமான நோயாளிகள்' என்று பேசப்பட்டவர்கள், இவர்களுக்கு மட்டுமே வெறும் கோகோ. யாருக்கு உண்மையிலேயே ஆபத்து வரக்கூடுமோ அவரை மட்டும் காப்பாற்றினேன். தேர்ந்தெடுத்துத்தான் செய்தேன் என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் குழுவின் மருத்துவர் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. மற்ற இருவருக்காகச் சொல்கிறேன். ஆம், கடலையைத் தொட்டாலே உயிர் போகக்கூடிய முப்பத்தேழு பேருக்கு 'ஒவ்வாமை இல்லை' என்ற கடிதம் போயிற்று. ஐந்து ஆண்டுகளில் முப்பத்தேழு. கடிதத்தை எழுதியது நானல்ல. எனக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரமே இல்லை.

நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுவதும் பயந்து பழகியவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டா பயத்தை விடுவார்? வீட்டுக்குப் போவார், கடிதத்தை அலமாரியில் வைப்பார், கடலையை முன்போலவே தள்ளிவைப்பார். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கடிதத்தை நம்பும் மனிதர்களை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் பிரிவில் யாரும் எதையும் அப்படி நம்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. முறைப்படி இரண்டு நாளும் ஒன்றும் ஆகாதவர், மூன்றாம் நாள் வந்து ஒளிவுமறைவில்லாமல் கடலையை எங்கள் கண் முன்னால் தின்று காட்ட வேண்டும். அந்த மூன்றாம் நாள் இருந்தவரை என்னைப்போல ஒருத்தி நினைத்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது. பூட்டுக்கடைக்காரர் விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு தலைமை மருத்துவர் அதை எடுத்துவிட்டார். "ரெண்டு நாள் தாங்குனவன் மூணாம் நாள் செத்தா போவான்? வெளிய நூறு பேர் நிக்கிறாங்க" என்றார். அந்தப் படியை நீக்கியது நானல்ல என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் பிரிவின் பெயர் வளர்ந்தது. மற்ற மருத்துவமனைகள் கைவிட்ட சிவப்புப் பட்டைக் கோப்புகள் எங்களிடம் வரத் தொடங்கின. தலைமை மருத்துவர் மாநாடுகளில் பேசினார். கடினமான நோயாளிகளைக் கையாளுவது எப்படி என்பதுதான் பொருள். ஒருமுறை எங்கள் ஊழியர்களையும் அழைத்துச் சென்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதில் பெரிய துண்டு பச்சை நிறத்தில் இருந்தது. "இத்தனை பேர் வீணாக வாழ்நாள் முழுவதும் பயந்திருந்தார்கள்" என்று அவர் சொன்னார். அரங்கம் கைதட்டியது. அந்தப் பச்சைத் துண்டு முழுக்க என் ஓட்ஸ். நானும் தட்டினேன். அன்று எனக்குள் ஏற்பட்டதை மகிழ்ச்சி என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. என் குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதவைத்தவரின் புகழ், நான் கவனமாகச் செய்த ஒரு காரியத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. யாராவது ஒருவர் அன்று திரும்பி, கோப்பையில் என்ன போட்டாய் என்று கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். கேட்காத ஒன்றைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

இனி அந்தச் சிறுமியைப் பற்றி.

பதினொரு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். இரண்டு நாளில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நான்கு வயதில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயின் ஒரு கடியில் மூச்சு நின்று, தாயின் மடியிலேயே நீலம் பாரித்துப் பிழைத்தவள். தாய் கண்ணாடிக்கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பவர். கணவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்பார். கரண்டியைக் கழுவியது யார், எந்தச் சோப்பு, ஊசி மருந்தின் காலாவதி எப்போது, பக்கத்துக் கட்டில்காரர் காலையில் என்ன சாப்பிட்டார். செவிலியர்கள் அவருக்குக் 'கேள்வித்தாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கேள்வித்தாள் வந்தாச்சு, எல்லாரும் படிச்சுட்டு வந்தீங்களா?" என்று சின்ன டாக்டர் கேட்பார். சின்ன டாக்டர் என்பது எங்கள் பிரிவின் இளைய மருத்துவர். அந்தச் சிறுமியின் கட்டிலருகே இரண்டு நாளும் நின்றவர் அவர்தான்.

முதல் நாள் சீட்டின்படியே வெறும் கூழ். நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பங்குகளுக்கு இடையே அரை மணி நேரம் சும்மா இருக்க முடியாமல், வாண்டு என் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க எப்பவும் இந்த ரூமுக்குள்ளேயேதான் இருப்பீங்களா?"

"ஆமா."

"தனியாவா?"

"ஆமா."

"நானும் ஸ்கூல்ல தனி டேபிள்தான். கதவுகிட்ட. துணைக்கு வாரத்துக்கு ஒருத்தியப் போடுவாங்க, டியூட்டி மாதிரி. இந்த வாரம் வர்றவ என்கூடப் பேசவே மாட்டா, புத்தகம் படிச்சுட்டே சாப்பிடுவா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா நடு டேபிள்ல உட்காருவேன். அங்க எட்டுப் பேர். சத்தம் தாங்காது, அவ்வளவு ஜாலியா இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

"ஆன்ட்டி, நான் என்னன்னு கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கோம். ஆனா கடலை இருந்தா நீங்க இருமலாம். இருமுறதுக்கு ரூல் இல்ல."

சிரித்துவிட்டேன். அந்த அறைக்குள் நான் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போது தோன்றியது.

இரண்டாம் நாள் கடலை நாள். அவளுடைய கோப்பில் இருந்த எண், பூட்டுக்கடைக்காரருடையதைப் போல் ஐந்து மடங்கு. தலைமை மருத்துவருக்கு அன்றும் பிற்பகலில் எங்கோ போக வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. அவள் ஏழு பங்கையும் சாப்பிட்டாள். கடைசிப் பங்கில் கரண்டியை நக்கிவிட்டு, "நேத்தைவிட இன்னைக்கு டேஸ்ட்டு" என்றாள். இரண்டும் ஒரே கூழ்.

அன்று மாலை உறை பிரிக்கப்பட்டு, கடிதம் எழுதப்பட்டது. கடிதம் பெற்றவர்கள், தொடையில் குத்திக்கொள்ளும் அவசர ஊசிகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். தேவைப்படும் வேறொருவருக்கு அது போகும். தாய் தன் பையிலிருந்து இரண்டு ஊசிகளையும், பள்ளிப் பையிலிருந்து ஒன்றையும் எடுத்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டார். ஏழு ஆண்டுகளாக அந்தப் பையைக் கழிவறைக்குக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர் அவர்.

ஒன்பதாம் நாள். பள்ளியில் நடு மேசை. எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒருத்தி கடலை வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டில் பாதியை நீட்ட, இவள், "எனக்கு இப்ப எல்லாம் ஆகும்" என்று சொல்லி வாங்கியிருக்கிறாள். இதை அந்தத் தோழிகள் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் படித்தேன். மூச்சு நின்றதும் ஆசிரியை பைக்குள் ஊசியைத் தேடியிருக்கிறார். பையைத் தலைகீழாகக் கொட்டியும் தேடியிருக்கிறார்.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கோப்பு முதலில் எடுக்கப்பட்டது. தலைமை மருத்துவர் நிதானமாகப் பேசினார். "மிக அரிது. ஆனால் உண்டு. போன ஒவ்வாமை திரும்பி வரும். கடினமான கேஸ்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இது ஒரு கட்டுரைக்கு உகந்தது என்றும் ஒருவர் சொன்னார். அவர்கள் அனைவரும் படித்தவர்கள். ஒன்பது நாளில் ஒவ்வாமை அப்படித் திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அந்த அறையில் கேட்கப்பட வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பதில் என் நாக்கில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை நீங்கள் நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சின்ன டாக்டர் மட்டும் என்னைப் பார்த்தார். பிறகு தன் காலணியைப் பார்த்தார். அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, தேதி எழுதி, உறைபெட்டியில் மூன்று மாதம் வைத்திருப்போம். அவர் என்னிடம் ஒரு சொல் பேசாமல் அந்த இரண்டாம் நாள் கரண்டியை எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பிரிவில் அதுதான் நாகரிகம். அந்தக் கரண்டியை மாற்றி வைத்திருக்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. நான் மாற்றவில்லை. எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

முப்பத்தேழு பேரையும் நீங்கள் தேடிப் பிடித்தீர்கள். முப்பத்து நான்கு பேர் நலமாக இருக்கிறார்கள் என்று நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எந்த மருத்துவரும் பெருமைப்படக்கூடிய விகிதம் அது. மீதி மூவரில் ஒருத்தி வாண்டு, அவள் இப்போது இல்லை. ஒருவர் இரண்டு முறை தீவிர சிகிச்சைக்குப் போய்த் திரும்பியவர். இன்னொருவர் அந்தக் கல்லூரிப் பெண். இப்போது தன் தாயை அடையாளம் காண்பதில்லை என்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக அப்படி இருக்கிறாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேனா என்று கேட்டீர்கள். நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த ஐந்து ஆண்டுகளில், எங்கள் வார்டில், என் கோப்பையால், சிவப்புப் பட்டைக்காரர் ஒருவர்கூட மூச்சுத் திணறவில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் வெளியே விழுந்தவர்கள். என் கலவையில் கை தவறியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஒரு திருத்தம் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இதுவரை பலமுறை சொல்லிவிட்டேன். அப்படியே எழுதியும் இருப்பீர்கள். ஒருவர் கேட்டார்.

இரண்டாம் நாள் மாலை, கடிதம் கொடுக்கும் நேரம். போன இடத்திலிருந்து திரும்பியிருந்த தலைமை மருத்துவர், சின்ன டாக்டர், செவிலியர் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தட்டுகளை எடுக்க நானும் வந்திருந்தேன். வாண்டு குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தாய் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"டாக்டர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்கம்மா. நீங்க கேட்காம இருந்தாத்தான் எனக்குப் பயம்." எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்களை இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கலக்கினது? நேத்து இல்லை, இன்னைக்குத்தான் போட்டதா இதுல எழுதியிருக்கு. நிஜமாவே இன்னைக்குக் கோப்பைல கடலை இருந்துச்சா? நீங்க உங்க வாயால சொல்லுங்க. சொன்னா நம்பிட்டுப் போயிடுறேன்."

செவிலியரின் கை கோப்பின் மேல் அப்படியே நின்றது. தலைமை மருத்துவரின் சிரிப்பு பாதியில் தங்கிவிட்டது. உறை பிரித்தாகிவிட்டது, சோதனை முடிந்துவிட்டது, பதில் சொல்லக் கூடாது என்று அதற்குமேல் எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. இல்லை என்று ஒரு சொல். எனக்கு வேலை போயிருக்கும். அவளுக்கு மறுநாள் இன்னொரு கோப்பை, அவ்வளவுதான். அந்த அம்மாள் காத்திருந்தார். லென்ஸ் தூள் பட்டுப் பட்டுச் சிவந்த கண்கள்; என்னை நேராகப் பார்த்தன.

"இருந்துச்சும்மா. என் கையாலதான் போட்டேன். பயப்படாம கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் மருத்துவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டிருந்தார். அவர் மனம் நோகும்படி ஒரு பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.